ஜெனரல் பெற்ற அப்பா

கோட்டைகளைப் பிடித்த தளபதிகள் உண்டு. நதிகளைக் கடந்தவர்கள் உண்டு. பீரங்கி இருந்தால் இதெல்லாம் யாரும் செய்யக்கூடியதுதான். ஒரு தோட்டாவைக்கூட வீணாக்காமல் கேப்டனிலிருந்து ஜெனரலாக உயர்ந்த மாவீரர் பிரெஞ்சு தேசத்தில் ஒருவர்தான். அவர் அர்மான் த ரோக்வில். என் அண்ணன். அதாவது, சிறிது காலம் என் அண்ணனாகப் பணியாற்றியவர்.

அவர் பிரபு வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்துப் பிரபுக்களின் வழக்கப்படி, பிறந்ததும் அவரைப் பால் குடிக்க வெளியே அனுப்பினார்கள். செருப்புத் தைக்கும் காஸ்பார் பெலூவின் மனைவிதான் பால் கொடுத்தவள். அவள் என் அம்மா. ஒரே மடியில் ஆளுக்கொரு பக்கமாகக் குடித்தோம். பால் மறந்ததும் அவர் மாளிகைக்குத் திரும்பினார். நான் தோலுக்கும் ஊசிக்கும் போனேன்.

புரட்சி வந்தது. மன்னரின் தலை போனது. அடுத்து, ராணுவத்திலிருந்த பிரபு வீட்டு அதிகாரிகளை வடிகட்டத் தொடங்கினார்கள். ஒரு காலையில் கேப்டன் எங்கள் கடைக்கு வந்தார்.

"காஸ்பார், எனக்கு ஒரு அப்பா வேணும்."

"உங்களுக்குத்தான் ஒருத்தர் இருக்காரே, எஜமான்?"

"பாரிஸ் ஜெயில்ல இருக்காரு. இனிமே உதவமாட்டாரு."

திட்டம் எளிமையானது. பால் குடிக்க வந்த பிரபுவின் குழந்தை காய்ச்சலில் செத்துவிட்டது. பயந்துபோன என் அம்மா தன் குழந்தையை மாளிகைக்கு அனுப்பிவிட்டாள். ஆகவே கேப்டன் 'கலப்படமற்ற ஏழை'. அம்மா உயிரோடு இல்லாதது இந்த 'வரலாற்று உண்மை'க்குப் பெரிய வசதி.

"அப்போ நான் யாரு?" என்று கேட்டேன்.

"நீ அடுத்த வருஷம் பொறந்தவன்," என்று தீர்ப்பளித்தார் கேப்டன். அன்று எனக்கு ஒரு வயது குறைந்தது.

அவர் போனதும் சொன்னேன்: "வேணாம்ப்பா. நாளைக்கு இவரு மாத்திப் பேசினா உங்க உயிர்தான் போகும்."

"உங்கம்மா பால் குடிச்ச புள்ளடா. அவன் தலை போறதை வேடிக்கை பார்க்கச் சொல்றியா?" என்றார் அப்பா.

விசாரணைக்கு வந்தார் மக்கள் பிரதிநிதி, இடுப்பில் மூவர்ணப் பட்டியோடு. அப்போது 'நீங்கள்' என்பது அடிமைப் பேச்சு. நாடே ஒருவரையொருவர் 'நீ' என்று கௌரவித்துக்கொண்டிருந்தது.

"குடிமகன் காஸ்பார், இவன் உன் மகனா?"

"ஆமா, குடிமகனே." அப்பா கேப்டனைப் பார்த்தார். பழைய பழக்கம் முந்திக்கொண்டது. "உட்காருங்க, ஏன் நிக்கிறீங்க?"

பிரதிநிதியின் புருவம் உயர்ந்தது. "பெத்த மகனையா 'நீங்க'ங்கிற?"

கேப்டனின் முகம் வெளுத்தது. அப்பா அசரவில்லை.

"தோள்ல இருக்கிற பட்டையைப் பார்த்தா வாய் தானாப் பயப்படுது," என்றவர், கேப்டனின் பிடரியில் பளாரென்று ஒன்று வைத்தார். "தொப்பியைக் கழட்டுடா கழுதை, பெரிய மனுஷன் முன்னாடி!"

இதைவிட ஆதாரம் வேண்டுமா? பிரதிநிதி உருகிவிட்டார்.

"சின்ன வயசுல எப்படி இருந்தான்?"

"ராவும் பகலும் அழுவான்."

"கொடுங்கோன்மையை எதிர்த்து அழுதிருக்கான்!" பிரதிநிதி கேப்டனிடம் திரும்பினார். "ஜெயில்ல இருக்கிற ரோக்வில் பிரபு உனக்கு யாரு?"

"என்னை அடிமையா வளர்த்தவன். நியாயம் நடக்கட்டும்."

நடந்தது. கிழப் பிரபுவின் தலை உருண்டது. கேப்டன் கர்னல் ஆனார்.

அதன்பின் விழாதோறும் அப்பாவை மேடையேற்றினார். தோல் கறை படிந்த கையைக் கழுவக்கூட விடமாட்டார். "அந்தக் கறைதான்ப்பா என் பரம்பரைச் சொத்து!" என்று அவர் கண்ணீர் விட்டதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்தக் கறையிலேயே ஜெனரலும் ஆனார்.

பிறகு காற்று திரும்பியது. பாரிஸில், தலை வெட்டியவர்களின் தலைகளை வெட்டினார்கள். எங்கள் ரோன் நதிக்கரையில் பிரபுக்களின் ஆட்கள் தடிகளோடு புரட்சிக்காரர்களைத் தேடி அலைந்தார்கள். ஏழை அப்பா என்பது இப்போது தொற்றுநோய். ஜெனரல் உடனே குணமடைந்தார். 'காஸ்பார் என்னும் கொடிய புரட்சிக்காரன் என்னை மிரட்டித் தன் மகனாக்கிக்கொண்டான்' என்று நீதிமன்றத்தில் அறிவித்தார். அப்பாவைச் சிறையில் அடைத்தார்கள்.

ஜெனரலிடம் ஓடினேன்.

"அண்ணே, ஜெயிலை உடைச்சு எல்லாரையும் கொல்லப் போறாங்கன்னு ஊரே பேசுது. காவலுக்கு நாலு சிப்பாயை அனுப்புங்கண்ணே!"

"யாருப்பா நீ?"

"உங்க உயிரைக் காப்பாத்தினவருண்ணே அவரு!"

ஜெனரல் வருத்தத்தோடு தலையசைத்தார். "அங்கதான் தப்புப் பண்ணிட்டாரு. என்னைக் காப்பாத்தாம இருந்திருந்தா இன்னிக்கு அவருக்கு இந்தக் கதி வருமா?"

மறுநாள் சிறைக்கதவை உடைத்தார்கள். அப்பாவின் உடலை ரோன் நதி கொண்டுபோனது. ஜெனரலுக்குப் பெயர் நடுவில் இருந்த பழைய 'த', அந்தப் பிரபு முத்திரை, திரும்பக் கிடைத்தது.

இப்போது மன்னர் குடும்பமே திரும்பிவிட்டது. ஊர்ச் சதுக்கத்தில் ஜெனரலுக்குச் சிலை வைக்கிறார்கள்.

"அவரோட ஒண்ணாப் பால் குடிச்சவனாமே நீ? பீடத்துல செதுக்க ஒரு வரி சொல்லேன்," என்றார் மேயர்.

சொன்னேன்: "நாட்டுக்காகத் தந்தையைக் கொடுத்த பிள்ளைகள் உண்டு; ஒருவர் போதாதென்று இன்னொருவரை இரவல் வாங்கிக் கொடுத்தவர் இவர் மட்டுமே."