மாஞ்சோலைக்கு ஒரு வலைச் சால்வை

பின்னல் படத்தில் இந்த வரிசைக்கு ஐம்பத்தேழு கண்ணி. ஊசியில் அறுபத்தொன்று நின்றது. கோமு மறுபடி எண்ணினாள். அறுபத்திரண்டு!

"ஏங்க, கண்ணி கூடிப்போச்சு."

தில்லைநாயகம் பேப்பரை இறக்காமலே, "நாலஞ்சைச் சேத்துப் பிடிச்சு ஒண்ணாக்கிரு," என்றார்.

ஆக்கினாள். கொழுக்கட்டை மாதிரி ஒரு முடிச்சு எழும்பியது. அதை மறைக்கப் பக்கத்தில் இரண்டு துளை விட்டாள். அடுத்த வரிசையும் கோணியது.

எல்லாம் தங்கை வேணிக்காகத்தான். மூன்று வருஷம் முன்பு அவள் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளையையே பார்த்து, "நீங்கதான் மாப்பிள்ளையோட அப்பாவா?" என்று கேட்டுவிட்டாள் கோமு. கூடமே சிரித்தது. வேணி மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி மாஞ்சோலை எஸ்டேட்டுக்குப் போனவள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

இப்போது மலைக்குளிரில் வேணி ஓயாமல் இருமுகிறாள் என்று தகவல் வந்தது. கோமு நான்கு கடிதம் எழுதிக் கிழித்தாள். மன்னிப்பு எழுத்தில் வரவில்லை. அப்புறம்தான் வாரப் பத்திரிகையில் இந்த இலைப் பின்னல் படத்தைப் பார்த்து, அதில் சொன்னபடியே இளம்பச்சைக் கம்பளி நூல் வாங்கினாள்.

இருபது நாள் கழித்து, தச்சநல்லூரில் தையல் வகுப்பு நடத்தும் சபீதா வந்து பார்த்தாள்.

"அக்கா, இந்தப் படத்தைக் கீழேயிருந்துல்லா படிக்கணும்! நீங்க பேப்பர் வாசிக்க மாதிரி மேலேயிருந்து வந்திருக்கிய."

பிரிக்கலாம் என்று கோமு ஒரு இழையை இழுத்தாள். ஒரு ஓரமே கழன்று வந்தது. தையல் நூலால் இழுத்துக் கட்டினாள். சால்வைக்கு வால் முளைத்தது.

"இதை எந்தப் பக்கமாட்டி போத்தணும்?" என்றார் தில்லைநாயகம்.

கோமுவுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் மறுநாள் அதை மடித்து எடுத்துக்கொண்டு மாஞ்சோலை பஸ் ஏறினாள். பார்த்துச் சிரிக்கட்டுமே, அன்றைக்கு அவள் சபையில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன், இப்போது என்னைப் பார்த்து அவள் சிரிக்கிற முறை என்று நினைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த வேணி திகைத்து நின்றாள். "வாக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

கோமு சால்வையை எடுத்து நாற்காலியில் விரித்தாள். வீட்டு வேலை செய்யும் முத்துமாலை அதைக் கண்டதும் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"ஐயோ, இதை ஏம்மா வெளிய எடுத்திய? 'எங்க அக்காவுக்குன்னு பத்திரிகைப் படத்தைப் பாத்துப் பின்னுனது, கோணிப்போச்சு, பாத்தா சிரிப்பா'ன்னு வேணியம்மா பெட்டிக்கு அடியிலல்லா ஒளிச்சு வச்சிருந்தாவ!"