கரும்புக்குள் உறுமியது

தெரியாத ஊருக்குப் போனால் அந்த ஊர் மொழியில் முதலில் ‘இல்லை’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டும். நான் ‘ஆமாம்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். அதனால் ஒரு கிராமமே ஐந்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. அம்மா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா உசிலம்பட்டிப் பக்கம் நையாண்டி மேளத்தில் உறுமி வாசித்தவர். அந்த வருடம் ஒரு காய்ச்சலில் அவரும் போனார். காரியம் முடிந்ததும் அப்பாவின் தங்கை, என் அத்தை, “எங்க கூட புனாவுக்கு வந்துரு மருமகனே” என்றாள். மேளக்காரப் பையன்களிடமெல்லாம் புனாவில் மாடி வீட்டில் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

ஸ்டேஷனில் இறங்கியதும் மாமா என்னை ஒரு சிவப்புப் பஸ்ஸில் ஏற்றினார். நாசிக் சாலையில் இரண்டரை மணி நேரம் ஓடிய அந்தப் பஸ் ஒரு கரும்புக்காட்டின் நடுவில் எங்களை இறக்கிவிட்டது. மாமாவுக்கு அங்கே சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை. (ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது.)

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து அவருடைய உறுமி. இரண்டு முகம் உள்ள கொட்டு. ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்போம். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்போம். தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு சத்தம் வரும். பெயர் வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.

அது அரவைக் காலம். மாமாவுக்கு இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். “வீட்ல அதத் தொட்டுறாத. தூக்கம் கலைஞ்சா உங்க மாமா மனுசனா இருக்க மாட்டாரு. வாய்க்கா பக்கம் போயி வாசிச்சுக்கய்யா” என்றாள் அத்தை.

வாய்க்காலில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கூச்சப்பட்டு, அதைத் தாண்டி ஷங்கர்ராவ் காக்காவின் கரும்புக்குள் நுழைந்துவிட்டேன். (அந்த ஊரில் வயதில் பெரியவரைக் காக்கா என்பார்கள், நம் ஊர் சித்தப்பா மாதிரி.) நடுவில் ஒரு மோட்டார் ரூம், அதன் முன்னால் பாய் விரிக்கிற அளவுக்கு வெற்றிடம். தினமும் மதியம் அங்கேதான். ஊருக்குத் தொந்தரவு கூடாது என்று அடிக்கிற முகத்தைத் தொடவே மாட்டேன். தேய்க்கிற முகம் மட்டும்தான். (அவ்வளவு பொறுப்பான பிள்ளை.) சில நாள் அப்பா ஞாபகம் வந்துவிடும். கை தேய்த்துக்கொண்டிருக்கும், கண் அது பாட்டுக்கு அழுதுகொண்டிருக்கும். முடித்ததும் உறுமியைச் சாக்கில் சுற்றி மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வருவேன். கையில் கொண்டுபோனால் குழந்தைகள் பின்னாலேயே வரும் என்ற பயம்.

அந்த வாரம் ஊரில் எல்லோர் வாயிலும் ‘பிபட்யா’ என்று ஒரே பெயர். டீக்கடையில் பிபட்யா, மாவு மில்லில் பிபட்யா. யாரோ பெரிய மனிதர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மதியம் அழுத முகத்தோடு கரும்பிலிருந்து வெளியே வந்தபோது ஷங்கர்ராவ் காக்கா சைக்கிளில் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

“பிபட்யா?”

“ஹோ” என்றேன். மராத்தியில் ‘ஆமாம்’. எனக்குத் தெரிந்த ஒரே சொல்.

“பாஹிலாஸ்?” பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார்.

“ஹோ.”

“மோட்டா?”

மோட்டா என்றால் பெரியது என்று ஊகித்துவிட்டேன். பெரிய மனிதரைப் பற்றிக் குறைத்துச் சொல்லலாமா? இரண்டு கைகளையும் முடிந்தவரை விரித்து, “ஹோ, ஹோ” என்றேன். காக்கா சைக்கிளைத் திருப்பி மிதித்த வேகத்தில் செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது.

மறுநாள் கரும்பு வெட்ட ஆட்கள் வரவில்லை. ஆடுகள் வீட்டுக்குள் போயின. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போகவில்லை. ஊர் அடங்கியது எனக்கு வசதியாக இருந்தது. கூடுதலாக ஒரு மணி நேரம் வாசித்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்த மாமா என் எதிரே உட்கார்ந்தார். அவர் என்னிடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. இரண்டு நாளுக்கு முன்னால்தான், “இவன ஊர்லயே யார் வீட்லயாச்சும் விட்டுட்டு வந்திருக்கலாமோ” என்று அத்தையிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அங்கே எனக்கு யார் வீடும் இல்லை.

“ஏன் மாப்ள, பிபட்யான்னா என்னன்னு தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“சிறுத்தை. கண்ணால பாத்த ஒரே ஆளு நீதானாம், ஊரே சொல்லுது. மதியம் ஃபாரஸ்ட்காரங்க வர்றாங்க. கரும்பச் சுத்தி வளைக்கப் போறாங்களாம். வெளிய எங்கயும் போகாத.”

இத்தனை நாளாக ஒரு சிறுத்தையோடு ஒரே கரும்புக்குள் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். (அறிவு அந்த அளவோடு நின்றுவிட்டது.) அடுத்துத்தான் உறுமி ஞாபகம் வந்தது. நூறு பேர் தடியோடு நுழைந்தால் அது என்ன ஆகும்? பார்க்காமலே ‘ஹோ’ சொன்ன விஷயத்தைச் சொன்னால் மாமா என்னை அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவார். அவர் படுத்ததும், அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து ஓடினேன்.

கரும்புக்குள் காற்றில் தோகை அசைந்தால்கூட உயிர் போய் வந்தது. எப்படியோ மோட்டார் ரூமை அடைந்து உறுமியைத் தோளில் மாட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சாலைப் பக்கம் தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாய்க்கால் பக்கம். பிறகு நாலு பக்கமும். ஃபாரஸ்ட்காரர்கள் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

நாலு பக்கமும் விரட்டினால் சிறுத்தை எங்கே வரும்? நடுவுக்குத்தான் வரும். நடுவில் நான் இருந்தேன். மோட்டார் ரூமுக்குக் கதவு கிடையாது. சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். தடுமாறியதில் நேர்க்குச்சி எங்கோ விழுந்துவிட்டது, கையில் வளைந்த குச்சி மட்டும். உறுமிச் சத்தத்துக்குக் காட்டுப்பன்றி ஓடும் என்று அப்பா சொன்ன ஞாபகம். சிறுத்தையும் ஓடாதா என்ற நம்பிக்கையில் மொத்தப் பலத்தையும் போட்டுத் தேய்த்தேன்.

வெளியே தகரச் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ அலறினார்கள். பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக அடித்தார்கள். ஐயோ, சிறுத்தை கிளம்பிவிட்டது போலிருக்கிறது என்று நான் இன்னும் பலமாக உறுமினேன். அவர்கள் பட்டாசு கொளுத்தினார்கள். நான் விடவில்லை. அவர்களும் விடவில்லை. அரை மணி நேரம் இப்படி நாங்கள் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் பக்கத்துச் சால்களில் கரும்பு முறிகிற சத்தம். மெதுவாக, நின்று நின்று, என்னை நோக்கி வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கை தானாக ஒரு தாளத்துக்குப் போய்விட்டது. சாமி இறங்குகிற நேரத்தில் அப்பா வாசிக்கிற தாளம்.

“டேய் மாப்ள.”

மாமாவின் குரல், சாலைப் பக்கமிருந்து.

“மாமா, உள்ள வராதீங்க. சிறுத்தை இருக்கு” என்று கத்தினேன்.

வெளியே தகரம் அடிப்பதை நிறுத்தினார்கள்.

“சிறுத்தை எந்த ஊர்லடா தாளத்தோட உறுமுது? நீதான்டா அது. வெளிய வா.”

கண்ணைத் திறந்தால் பத்தடி தூரத்தில் காக்கி உடுப்பில் ஒரு அதிகாரி, மயக்க ஊசித் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நின்றார்.

உறுமியோடு சாலைக்கு வந்தேன். தடியும் அரிவாளுமாக ஊரே நின்றது. ஷங்கர்ராவ் காக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து நாளாக அவருடைய கரும்பு வெட்டாமல் நிற்கிறது. அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “யார் வீட்டுப் பையன்?” என்று மராத்தியில் கேட்டார். மாமா தெரியாது என்று சொன்னால்கூட நான் தப்பாக நினைத்திருக்க மாட்டேன்.

மாமா தூக்கம் கலைந்த கண்ணோடு, லுங்கியோடு முன்னால் வந்தார். “ஆம்ச்சாச் போர்கா ஆஹே” என்றார். எங்கள் பையன்தான். என் தோளிலிருந்த உறுமியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

காக்கா அதைச் சுட்டிக்காட்டி, வாசி என்று சைகை செய்தார். மாமாவின் தோளில் தொங்கிய உறுமியை அப்படியே ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். முன்வரிசை மொத்தமும் பின்னால் பாய்ந்தது. காக்காவும் பாய்ந்தார். பாய்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை.

சிரித்தாலும் காக்கா தண்டனையை விடவில்லை. ஐந்து நாள் அவர் கரும்பில் கட்டுக் கட்டினேன். மராத்தியில் முதல் நூறு சொற்களை அங்கேதான் கற்றேன். பாதி வசவு.

இப்போது எனக்குப் புனாவில், ஹடப்சர் பக்கம் வேலை, குடும்பம் எல்லாம். அத்தையும் மாமாவும் அதே ஊரில் இருக்கிறார்கள். என் சொந்தப் பெயர் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் இப்போதெல்லாம் நிஜமாகவே சிறுத்தை வருகிறது. கரும்புக்குள் ஏதாவது உறுமினால் ஃபாரஸ்ட்காரர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும்.

“பிபட்யா, எங்கே இருக்கிறாய்?”

“ஆபீஸில் இருக்கிறேன், காக்கா.”

“நிஜமாகவா?”

“ஹோ.”

உடனே போன் கட்டாகும். அப்புறம்தான் அங்கே ஆடுகளை வீட்டுக்குள் ஓட்டுவார்கள்.