மூன்று டப்பாவும் சுத்தம்

ஏப்ரல் 24, புதன்.

ஓக் பில்ஜுனின் மூன்றாவது மலப் பரிசோதனை டப்பாவில் தேதியைத் தப்பாக எழுதியிருந்ததை இன்றுதான் பார்த்தேன். திருத்திவிட்டேன். ஆனால் புழு முட்டை தெரியாமல் போனதற்குத் தேதி காரணமில்லை.

ஓக் ஐயாவுக்குக் கண் மஞ்சள், வலது விலாவுக்கடியில் வலி. ஸ்கேனில் பித்தப்பைக்குள் ஏதோ அடைப்பு. வேகாத ஆற்று மீனிலிருந்து வரும் புழு என்றால் ஒரே நாள் மாத்திரை. கட்டி என்றால் கத்தி. எது என்று சொல்ல வேண்டியவன், சுகாதார நிலையத்தில் நுண்ணோக்கி பார்க்கும் நான்.

"பச்சை மீன் சாப்பிடுவீங்களா ஐயா?"

"நாக்தொங் ஆத்தங்கரையில பொறந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? சோஜு சாராய பாட்டிலத் திறந்தா மீன் தானா தட்டுல குதிக்கும்!"

முதல் டப்பாவில் புழு முட்டை இல்லை. என் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. மூன்று முறை பார்க்க வேண்டும் என்பது இந்த வேலைக்காக நான் படித்த மாலை வகுப்பின் பாடம். இரண்டாவது கேட்டேன். வீடு வீடாக டப்பா சேர்த்துத் தருவது ஊர்த்தலைவர் மெங்கின் வேலை; கொண்டுவந்தார். அதிலும் இல்லை. மூன்றாவது கேட்டேன்.

"இன்னுமா? மனுஷன் என்ன மெஷினா தம்பி?" என்று முணுமுணுத்தாலும் மறுநாளே கொண்டுவந்தார். அதுவும் சுத்தம். முடிவில் கையெழுத்துப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

"அப்ப புழு இல்ல" என்று அங்கிருந்த டாக்டர் திங்கட்கிழமை வயிற்றைத் திறந்தார். இன்று போன் செய்தார்.

"கட்டியே இல்லப்பா. பித்தப்பை பூராவும் புழு, பொடி இலை மாதிரி நெளியுது. நீ எதைத்தான் பாத்த?"

ஓக் ஐயாவுக்குத் தையல் சீழ் வைத்துவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாள் மாத்திரையில போயிருக்குமாமே தம்பி?"



என் முறையில்தான் கோளாறு, ஊர் முழுவதையும் மறுபடி பார்த்துவிட வேண்டும் என்று முப்பத்தெட்டு காலி டப்பாக்களுடன் மெங் வீட்டுக்குப் போனேன். பையைப் பார்த்ததும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடியும் முப்பத்தெட்டா? மீன் வாடையே ஆகாதவன், ரிசல்ட் நல்லா வரும்னு ஊரே என்னை நம்பிக் கிடக்கு, சரி. ஆனா முப்பத்தெட்டு வீட்டுக்கும் நான் ஒருத்தனே எத்தனை வருஷந்தான் தம்பி நிரப்பித் தர்றது?"

நாளை காலை ஆறு மணி: முப்பத்தெட்டு டப்பா, முப்பத்தெட்டு வாசல், நானே.