வெள்ளை வேட்டியும் சேசிஸ் நம்பரும்

கோபக்காரனை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். நான் பிறவிக் கோபக்காரன். கொச்சி மட்டாஞ்சேரியில் என்னைப்போல் ஏமாந்தவன் இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள்.

எங்கள் இட்லிக் கடைக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், ஓணத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். வேறு இடம் அகப்படவில்லை. வண்டியில் வைத்து விற்கலாம் என்றாள் என் மனைவி செல்வி. (நல்ல யோசனை எல்லாம் அவளுடையது. கெடுப்பது என் துறை.) சுள்ளிக்கல்லில் பைஜு என்பவர் பழைய பிக்கப் வண்டி ஒன்றைப் புதுப்பித்து விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம்.

இலைப்பச்சை நிறம், உருண்டை விளக்கு, பின்னால் பலகை அடித்த தொட்டி. பார்த்ததும் விழுந்துவிட்டேன். அதிலும் நான் நல்ல நாள் பார்த்து, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில், சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு போயிருந்தேன். விலை பேசும் முன்பே எலுமிச்சம்பழத்தோடு நிற்கிறவனை எந்த வியாபாரி விடுவான்?

ஏலூரில் லாரி ஓட்டும் என் மைத்துனன் முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். வண்டிக்கு அடியில் படுத்து, அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டுமாம். நான் குனியப் போனேன். பைஜு என் வேட்டியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி எதுக்கு மண்ணுல கிடக்கணும்? ஞான் பிரிண்ட் எடுத்து வெச்சிட்டுண்டு."

நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த நகல் அது. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். ஆர்.சி.யோடு அப்படியே ஒத்துப்போனது. பெரிய துப்பறியும் அதிகாரி மாதிரி தலையாட்டினேன்.

செல்வி மட்டும் அசையவில்லை. "பேப்பரும் பேப்பரும்தான பொருந்துது. வண்டியப் பாத்தீங்களா? நகருங்க, நான் படுத்துப் பாக்குறேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நடுத்தெருவில் பெண்டாட்டி வண்டிக்கு அடியில் படுத்தால் என் மானம் என்ன ஆவது? எனக்கு எல்லாம் தெரியும், சும்மா இரு என்று அதட்டினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எங்கள் சேமிப்பும் அதோடு போயிற்று.

ஆர்.சி.யில் பெயர் மாற்றப் போன ஆபீசில் வண்டி ஆய்வாளர் பேச்சே இல்லாமல் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தார். பெயிண்டைச் சுரண்டினார். எழுந்து, இது வேறு வண்டியின் சட்டம், மேல் பாகம்தான் இந்த ஆர்.சி.க்கு உரியது, இது ரோட்டில் இறங்கக்கூடாது என்றார். அவர் பேன்ட் முழுக்க மண். என் வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

பைஜுவைத் தேடிப் போனேன். வழியெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் திட்டு தயார் செய்துகொண்டே போனேன். அவரோ, தானும் இப்படித்தான் ஏமாந்து வாங்கியதாகச் சொல்லி, "இரிக்கு அண்ணாச்சி, ஒரு சாயா குடி" என்று உட்கார வைத்தார். வந்த ஆத்திரத்தில் தயார் செய்த திட்டெல்லாம் இரண்டு மொழியிலும் மறந்துபோயிற்று. அந்தச் சாயாவை வாங்கிக் குடித்துத் தொலைத்தேன். இன்றுவரை ஆறாத கோபம் அதுதான். (சர்க்கரையும் போதவில்லை.)

வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டு முற்றத்தில் போட்டோம். நான் தினமும் டயரை உதைத்தேன். செல்வி அதன் மேல் அடுப்பை ஏற்றினாள். ஓடாத வண்டிக் கடை என்று ஆட்கள் தேடி வந்து சாப்பிடுகிறார்கள். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

போன மாதம் மகளுக்கு ஒரு வரன் வந்தது. திருப்பூணித்துறையில் ஜாதகம் பார்த்து, எல்லாப் பொருத்தமும் அமோகம் என்ற சேதியோடு, அதே வெள்ளை வேட்டியில் வந்து நின்றேன். செல்வி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"பேப்பரும் பேப்பரும் பொருந்திருச்சு. படுத்துப் பாத்தீங்களா?"

மகள் சிரித்த சிரிப்பில் சாப்பிட வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் உள்ளே போய் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, பழைய கைலியைக் கட்டிக்கொண்டு பையனைப் பார்க்கக் கிளம்பினேன்.