‘கிரஷர்’ பாடகர் தலைதீபாவளிக்கு வருவது தொடர்பாக

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை பேச்சிராஜ் அவர்களுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து மைத்துனன் காசிலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கலைச்செல்வியும், தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்ட உங்கள் மனைவியும் என் தங்கையுமான முத்துராணியும் சுகம். சாத்தான்குளத்தில் உங்கள் தொண்டை சுகமா என்று அறிய ஆவல். மற்ற சுகங்களைப் பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். உங்கள் ‘கிரஷர்’ பாட்டுக் குழு மறுபடியும் கரண்டு கிட்டாரைக் கையில் எடுக்கும்வரை குழுவில் யாரோடும் பேசுவதில்லை, யார் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை என்று நம் ரசிகர் மன்றத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். போட்டவன் தலைவனாகிய நான்தான். எழுதக் கூடாது என்று தீர்மானத்தில் இல்லை. ஆனால் தலைதீபாவளிக்குப் பெண்ணின் அண்ணன் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து மாப்பிள்ளையை அழைக்க வேண்டும் என்பது முறை. “உங்க தீர்மானத்த மாவுல பிசைஞ்சு அதிரசம் சுடட்டுமா? மாப்பிள்ளைய அழைக்காட்டா தங்கச்சி மொகத்துல எப்படி முழிப்பீங்க?” என்று கலைச்செல்வி மூன்று வேளையும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுகிறாள். ஆகவே இந்தக் கடிதத்தை நான் நேரில் வந்ததாகவே பாவிக்கவும். வெற்றிலை பாக்கு கவருக்குள் இருக்கிறது.

மாப்பிள்ளை, மனதில் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு நான் பெண் கொடுத்தது அந்தத் தொண்டையை நம்பித்தான். “பையன் என்ன செய்யுதான்?” என்று அப்பா கேட்டபோது, “கத்துதான்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். “அதுக்குச் சம்பளம் தருவாவளாலே?” என்றார். உங்கள் ‘உடைலே’ பாட்டைப் போட்டுக் காட்டினேன். என் மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் சுற்றி வைத்திருந்த மோட்டாரெல்லாம் அதிர்ந்தது. அப்பா காதைப் பொத்திக்கொண்டு சம்மதம் சொன்னார்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததெல்லாம் கொஞ்சமா? முடியை வெட்டினீர்கள்; நம்ம ஊர் வெயிலுக்கு யார்தான் வளர்ப்பார் என்று பொறுத்துக்கொண்டோம். இரண்டாவது ஆல்பத்தில் கீபோர்டு நுழைந்தது. மன்றம் இரண்டாகி, ஒரே டீக்கடையில் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம், பிறகு மழையில் ஒரு பெஞ்ச் நனைந்ததால் மறுபடி ஒன்றானோம். ஆனால் பொருட்காட்சி மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? மேலப்பாளையம் முஹ்சின், மின்னல் மாதிரி வாசிக்கிற பிள்ளை, ஒயர் இல்லாத மரக் கிட்டாரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். டிரம்ஸ்காரர் ஒட்டடை அடிப்பதுபோல் பிரஷ்ஷால் தேய்த்தார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘பைய வா’ என்று பாடினீர்கள். பக்கத்தில் அப்பளம் பொரிகிற சத்தம் உங்கள் சத்தத்தைவிடப் பலமாகக் கேட்டது.

புதுப் பாட்டு தொடங்கியதும் மன்றத்தார் அத்தனை பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். திரும்பினோம். திரும்பினால் எதிரே கூட்டம்! ஒரு பயல் எங்களைப் பார்க்கவில்லை. எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு உங்களையே பார்க்கிறார்கள், சில பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நம் செயலாளர் சிராஜுதீன் பைய மேடைப் பக்கம் திரும்பினார். “என்ன வே?” என்றேன். “கழுத்து வலிக்கு அண்ணாச்சி. மனுசன்னா மாறத்தான் செய்வான். ஒங்களுக்குந்தான் தொப்பை விழுந்துட்டு, நாங்க மன்றத்த விட்டா போனோம்?” என்றார். அவரைப் பார்த்து ஒவ்வொருவனாகத் திரும்பிவிட்டான். நான் தலைவன் இல்லையா, அசையவில்லை. கறுப்புச் சட்டையில் விறைப்பாக நிற்பவனை வாலண்டியர் என்று நினைத்து, “ஏ தம்பி, கக்கூஸ் எங்கன இருக்கு?” என்று ஒரு அம்மாள் கேட்டாள். வழி சொன்னேன். அதன்பிறகு பாட்டு முடியும்வரை வழி சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்த மானக்கேடு உங்களால்தான்.

அது போகட்டும். முத்துராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தாளிக்கிற வாசம் வந்தாலே எழுந்து ஓடுகிறாள். எந்நேரமும் படுக்கை. காரணம் எனக்குத் தெரியாதா? கட்டிக்கொண்ட பாடகன் ஒருவன், இப்போது பாடுகிறவன் வேறொருவன், அந்த ஏக்கம்தான். படுத்தபடி ‘பைய வா’வை முணுமுணுக்க வேறு செய்கிறாள், துக்கம் முற்றினால் அப்படித்தான். இதற்கு மருந்து உங்களிடம்தான் இருக்கிறது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, நம் வீட்டு மொட்டை மாடியில் நின்று ‘உடைலே’ பாட வேண்டும். ஆம்ப்ளிபையரை நானே பிரித்துச் சரிசெய்து வைத்திருக்கிறேன். தங்கச்சியும் எழுந்து உட்காருவாள், மன்றமும் நிமிரும். நீங்கள் பாடுவீர்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

வீட்டில் மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் உங்கள் குரல்வளையைக் காப்பார்களாக.

இப்படிக்கு,
பணிவுள்ள மைத்துனனும் கோபமுள்ள ரசிகனுமாகிய
காசிலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கலைச்செல்வி வாங்கிப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “கூறுகெட்ட மனுசா, அவ முழுகாம இருக்கா!” மாப்பிள்ளை, நான் தாய்மாமன் ஆகப் போகிறேன்! நின்றபடியே எழுதுகிறேன், எழுத்துக் கோணலை மன்னிக்கவும். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. தீர்மானமும் ரத்து. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அழைக்கிறேன். மாடியும் வேண்டாம், ஆம்ப்ளிபையரும் வேண்டாம். நாற்காலி நானே போடுகிறேன், உட்கார்ந்து பைய பாடுங்கள், அவளுக்கு அதைக் கேட்டால்தான் குமட்டல் அடங்குகிறதாம். மன்றத்தில் எவனாவது சத்தம் கூட்டச் சொன்னால் காலை முறித்துவிடுவேன். இன்னொன்று: இதைத் தன் வாயாலேயே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆசையாக வைத்திருக்கிறாளாம், எழுதியபிறகுதான் சொல்கிறார்கள். நீங்கள் இதைப் படிக்கவில்லை. அவள் சொல்லும்போது அப்போதுதான் கேட்பதுபோல் கேளுங்கள். அந்த ஒரே ஒரு தடவை, பழைய மாதிரி கத்திக்கொள்ளலாம்.