எலுமிச்சம்பழம் ஓட்டிய கார்

சொந்தக் கையால் வயரிங் செய்தவன் பேயே கிடையாது என்று அடித்துப் பேசக் கூடாது. பின்னால் பழி போட ஆள் வேண்டியிருக்கும்.

அப்போது நாங்கள் தலைநகரில், கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் பழைய காரில் சாவியை ஒழித்துவிட்டு, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும்படி நானே மாற்றினேன். (வீடியோ பார்த்துத்தான். அதுவும் பாதி வீடியோ.) ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயை பானட்டுக்குள் பொருத்தினேன். அதற்கு மூடி உண்டு என்பது மறுபாதியில் வந்திருக்க வேண்டும்.

அந்த ஜனவரியில் ஒரு காலை, எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். பால் வாங்கித் திரும்பும்போது "கர்ர்... கர்ர்..." என்று முனகல். காருக்குள் ஆள் இல்லை. விளக்கு இல்லை. இன்ஜினும் ஓடவில்லை. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்ற, கியரில் நின்ற கார் பனிக்குள்ளிருந்து என்னை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது. யோசிப்பது போல நின்றது. மறுபடி ஒரு முழம். எனக்குக் கை ஓடவில்லை. கால் மட்டும் நன்றாகவே ஓடியது.

"சாவியப் புடுங்கிட்டா எசமான் யாருன்னு வண்டிக்கு எப்படில தெரியும்?" என்றாள் அம்மா. (திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் அவள் பேச்சு ரயிலேறவில்லை.) சனிக்கிழமை சரோஜினி நகர் சிக்னலில், இரும்புக் கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் வாங்கி வந்தாள். "வெளிய கட்டுனா களவாண்டுருவானுவ. உள்ள மாட்டு."

பானட்டுக்குள் வாகாக ஒரு ஸ்க்ரூ இருந்தது. மாட்டினேன். அது ரிலேயின் ஸ்க்ரூ.

அதன்பின் முனகல் அடிக்கடி கேட்டது. ஒவ்வொரு முறையும் எலுமிச்சம்பழத்தைப் பயபக்தியோடு கழற்றி ஓரமாக வைப்பேன். ஒயர் ஒயராகச் சோதிப்பேன். குறையே இருக்காது. பழத்தை மறுபடி மாட்டி, பானட்டை மூடுவேன். கொஞ்ச நேரத்தில் கர்ர்.

இந்த லட்சணத்தில்தான் கரோல் பாக்கிலிருந்து கோமதி வீட்டார் வந்தார்கள். கோமதியும் நானும் எப்போதோ முடிவு செய்தாயிற்று. அவள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. பிடிக்காவிட்டால் கல்யாணம் இல்லை என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"தம்பியே வயரிங் பண்ணுனதாமே, பாப்போம்" என்று அவர் காருக்கு முன்னால் போய் நின்றார். அன்றும் பனி.

கர்ர். பொத்தானை யாரும் தொடவில்லை. கார் அவரை நோக்கி நகர்ந்தது. அவர் பின்வாங்க, அது பின்தொடர்ந்தது. வேலியில் முதுகு முட்டி நின்றார். பானட் இடுக்கிலிருந்து புகை கிளம்பியது. மிளகாய் நெடி. அத்தனை பேரும் இருமினோம்.

கோமதி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பானட்டைத் தூக்கினாள். கம்பி செக்கச் செவேலென்று இருந்தது. ஒரு குச்சியால் அதைத் தட்டிவிட்டாள். கார் அடங்கியது.

"ரிலேல இரும்புக் கம்பியத் தொங்க விட்டா, அது பக்கத்து ஸ்க்ரூவத் தொட்டு கரண்ட் பாயாம வேற என்ன செய்யும்?" என்றாள்.

"கெளம்புவோம்" என்றார் அவள் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிளகாய் என்று சமாளித்தேன்.

அம்மா இருமிக்கொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி, மொளகா கருகி நெடி ஏறுதுன்னா திருஷ்டி துளிகூட இல்லன்னு அர்த்தம்லா. வீட்டுக்குள்ள வந்து காப்பி குடிங்க."

அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். இன்னொரு தரம் இருமிப் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மறுநாளே காருக்குச் சாவியைத் திரும்பப் போட்டேன். இன்றும் எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் கீஸர் நின்றாலும், "மொதல்ல எலுமிச்சம்பழத்தக் கழட்டுங்க" என்பாள் கோமதி. எல்லாரும் சிரிப்போம்.

பனி இறங்கும் நாட்களில் மட்டும் மெல்ல இன்னொன்று கேட்பாள்: "ஏங்க, வண்டி நகந்த பொறவுதான பழம் மாட்டுனீங்க. அப்போ மொத நாளு அத நகத்துனது யாரு?"

அன்றைக்கெல்லாம் நான் பால் வாங்கப் போவதில்லை.