விமானம் ஏறாது என்று நான் சத்தியம் செய்தேன்

என் அக்காவுக்கு வந்த ஒரு நல்ல வரன் தட்டிப்போனதற்கு ஜாதகம் காரணமில்லை, நகையும் சீரும் காரணமில்லை. நான்தான் காரணம். இத்தனை வருடம் கழித்து அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். (வாய்மொழியாக எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறையாவது ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறார்கள்.)

அப்போது நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுத் திருவண்ணாமலையில் வீட்டோடு இருந்தேன். வேலை கிடைக்கவில்லை, ஆனால் அறிவு வழிந்துகொண்டிருந்தது. பால்காரரிடம் அடர்த்தியைப் பற்றி விளக்குவேன். நான் வாசலுக்கு வருவதற்குள் அவர் ஊற்றிவிட்டு ஓடப் பழகியிருந்தார். அக்கா மலர்விழிக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை. என்னைப் படிக்க வைத்ததே அவள்தான். முப்பதைத் தாண்டிவிட்டாள். நான்கு இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டு, “வீட்டுக்குப் போய் போன் பண்றோம்” என்று சொன்னவர்கள் யாரும் போன் பண்ணவில்லை.

ஐந்தாவதாக வந்தவர் தனசேகர். கீழ்பென்னாத்தூர்க்காரர், டிப்ளமா படித்தவர். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகள் சுற்றி வருமே, அந்த பெல்ட்டுகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அம்மாவோடு வந்தார். பஜ்ஜி சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் எந்த ஆணும் செய்யாத காரியம். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவரே அக்காவிடம் பேசினார். “வேலையெல்லாம் விட வேணாங்க. மெட்ராஸ் பக்கம் ட்ரான்ஸ்ஃபர் கிடைக்குமான்னு மட்டும் பார்க்கணும்.”

“கேட்டுப் பார்க்கலாங்க” என்றாள் அக்கா. முந்தைய நான்கு பேருக்கு நிமிராத தலை அன்றைக்கு நிமிர்ந்தது.

அந்த இடத்தில் நான் இன்னொரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டிருந்தால் இன்று எனக்கு ஒரு மாமா இருந்திருப்பார்.

“ஒரு சின்ன டவுட்டுங்க” என்று ஆரம்பித்தேன். (டவுட் எதுவும் இல்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.) “உங்க பெல்ட் மாதிரியே ரன்வே நீளத்துக்கு ஒண்ணு செய்யறோம்னு வெச்சுக்குங்க. அது மேல ஒரு ப்ளேன். ப்ளேன் எவ்ளோ வேகமா முன்னாடி போவுதோ, அதே வேகத்துல பெல்ட் பின்னாடி ஓடுது. ப்ளேன் மேல ஏறுமா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஏறுங்க.”

“எப்படிங்க ஏறும்? நின்ன எடத்துலயே நிக்கும். றெக்கையில காத்தே படாது.”

“கார்னா நிக்கும். அதை டயர்தான் தள்ளுது. ப்ளேனை டயர் தள்ளலீங்களே? இன்ஜின் காத்தைத் தள்ளுது, ப்ளேன் முன்னாடி போவுது. டயர் சும்மா உருளுறதுக்குத்தான். பெல்ட் ஓடினா டயர் இன்னும் ஜாஸ்தி சுத்தும், அவ்ளோதான்.”

சரியான விடை. ஆனால் அப்போது எனக்கு ஒரு மெக்கானிக்கின் குரல்தான் கேட்டது.

“பாபு, விடுடா” என்றாள் அக்கா, மெதுவாக.

நான் விடவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்த பொம்மைக் காரை எடுத்து, எல்லோருக்கும் நடுவில் இருந்த டீப்பாய் மேல் வைத்தேன். “இதுதான் ப்ளேன். இந்தத் துணிதான் பெல்ட்” என்று சொல்லி டீப்பாய்த் துணியை என் பக்கம் இழுத்தேன். துணியோடு நான்கு காபி டம்ளர்களும் வந்தன. அதில் இரண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனசேகரின் அப்பா மடியில் கவிழ்ந்தன. கார் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. “பார்த்தீங்களா!” என்று கத்தினேன். (துணி ஓடியும் சக்கரம் உருண்டு கார் பின்னால் வராமல் நின்றது அவர் கட்சிக்குத்தான் சாட்சி. அது எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.)

பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டு, “பரவால்ல தம்பி” என்றார். அதோடு முடிந்திருக்கும். தனசேகர் சிரித்துக்கொண்டே, “கார் பின்னாடி வரலியேங்க?” என்று கேட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

“டிப்ளமாவுல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்க. உங்களுக்குப் புரியறது கஷ்டம்தான்.”

பெரியவர் எழுந்தார். “டிப்ளமான்னு சொல்லித்தான தம்பி வந்தோம். மறைக்கலியே” என்றார். பிறகு என் அப்பாவைப் பார்த்து, “இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தா தெனமும் பரீட்சை எழுதணும் போல இருக்கு. நாங்க கிளம்பறோங்க.”

அப்பா தெருமுனை வரை பின்னாலேயே போய்ப் பேசிப் பார்த்தார். தனியாகத் திரும்பி வந்தார்.

அன்று மாலை அக்கா அந்தத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

“நெஜமாவே ஏறாதாடா?” என்றாள்.

“ஏறாதுக்கா. சத்தியமா.”

“அப்ப சரி” என்று துணியைப் பிழிந்தாள். தம்பி சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்ற ஆறுதலாவது அவளுக்கு வேண்டியிருந்தது.

எட்டு மாதம் கழித்து என் நண்பன் ஒருவன் ஜிம் திறந்தான். அங்கே ட்ரெட்மில்லைப் பார்த்ததும் கை அரித்தது. மறுநாள் அதே பொம்மைக் காரை எடுத்துப்போய், முன்பக்கம் நூல் கட்டி, ஓடுகிற பெல்ட் மேல் வைத்தேன். லேசாக இழுத்ததும் கார் முன்னால் வந்தது. வேகத்தைக் கூட்டினேன். சக்கரம் வெறிபிடித்துச் சுற்றியது. ஆனால் நூலை இழுத்தால் கார் முன்புபோலவே வந்தது. பெல்ட்டால் அதைத் தடுக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். (ட்ரெட்மில் மேல். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.)

முழங்கையில் கட்டோடு அடுத்த நாளே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். பெரியவர் வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். தனசேகர் சொன்னதுதான் சரி, நான் பேசியது தப்பு, மன்னிக்க வேண்டும் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் முழுக்கக் கேட்டார். உள்ளே போய் ஒரு பத்திரிகையை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“அடுத்த மாசம் தனசேகருக்குக் கல்யாணம். வீட்ல எல்லாரையும் கூட்டிக்கினு வந்துடுங்க.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே அழைத்தார்.

வீட்டில் அக்கா மறுநாளைக்கான புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது ஏறும்.”

“எது?”

“ப்ளேன்.”

இஸ்திரிப் பெட்டி ஓரிடத்திலேயே நின்றது. கருகல் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். “கையில என்னடா காயம்?” என்று கேட்டாள்.

அதன் பிறகு இரண்டு மூன்று வரன்கள் வந்தன, கூடிவரவில்லை. பிறகு வருவது நின்றது. பிறகு நாங்களும் தேடுவதை நிறுத்தினோம். எனக்குப் பள்ளியில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. என் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுத்தவள் அக்கா.

போன வருடம் நானும் அக்காவும் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஒருவர் என் தோளைத் தட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு பெண் குழந்தைகள்.

“சார், தெரியுதா? ப்ளேன்!”

தனசேகர். “நீங்க சொன்னதுதாங்க ரைட்டு” என்றேன்.

“அட, அதை இன்னுமா நெனச்சுட்டிருக்கீங்க?” என்று அதே சிரிப்புச் சிரித்தார். பிறகு, “உங்க அக்கா நல்லா இருக்காங்களா?”

அக்கா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், முன்முடி நரைத்திருந்தது.

“நல்லா இருக்காங்க” என்றாள் அக்கா.

“அப்படிங்களா, சந்தோஷம். நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

“சொல்றேங்க.”

வீட்டுக்கு வந்ததும் அக்காவே அதை அம்மாவிடம் நடித்துக்காட்டினாள். அம்மா அழுதுவிட்டுப் பிறகு சிரித்தாள். அன்றிலிருந்து யார் நலம் விசாரித்தாலும் அக்காவின் பதில் அதுதான். ஊரிலிருந்து போன் வந்தால் என் பிள்ளைகளே “அத்தை நல்லா இருக்காங்க” என்று அவள் குரலில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன மாதம் காய்ச்சல் என்று அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். “இப்ப எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார்.

“நல்லா இருக்காங்க” என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “யாருங்க?” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.